லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிகவரி பென் டிரைவ் தயார் செய்வது எப்படி?

புது லேப்டாப்போடு விண்டோஸ் சிடி வந்த காலம் மலையேறிவிட்டது. சிடிக்குப் பதிலாக ஹார்ட் டிஸ்க்கிலேயே ஒரு துண்டை ஒதுக்கி, மீட்புக்கு வேண்டியதை அதில் போட்டுத் தருகிறார்கள். அதுதான் ரிகவரி பார்ட்டிஷன். விண்டோஸ் கோளாறானால் அது கைகொடுக்கும். ஆனால் டிஸ்க்கே செத்துப்போனால் அதுவும் கூடவே போய்விடும். பூட்டின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். ஆகவே அதன் நகல் ஒரு பென் டிரைவில் வெளியே இருக்க வேண்டும். இங்கே சொல்வது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் எது எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். சி டிரைவுக்குப் பக்கத்தில், டிரைவ் எழுத்து இல்லாமல், ரிகவரி பார்ட்டிஷன் என்று எழுதிய சின்னப் பெட்டி தெரியும். பெரும்பாலும் 500 எம்பி முதல் 1 ஜிபி வரை இருக்கும். விண்டோஸ் ஏறாதபோது வரும் நீலத்திரை மீட்பு மெனு இதற்குள்தான் இருக்கிறது. முழு விண்டோஸ் இதில் இல்லை.

சில லேப்டாப்களில், முக்கியமாகப் பழையவற்றில், 10 முதல் 20 ஜிபி அளவில் இன்னொரு பிரிவும் இருக்கலாம். அது கம்பெனி வைத்த முழு இமேஜ், அதாவது விண்டோஸின் முழு நகல். விண்டோஸ் 8ல் இருந்த ரிகவரி கருவி அந்தப் பிரிவை அப்படியே பென் டிரைவுக்கு நகலெடுத்தது. விண்டோஸ் 10லிருந்து முறை மாறிவிட்டது: இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸின் சிஸ்டம் ஃபைல்களையே எடுத்து, மீட்பு மெனுவோடு சேர்த்து எழுதுகிறது. கம்பெனியின் பழைய இமேஜ்தான் வேண்டும் என்றால் இந்தக் கருவி உதவாது. டெல், ஹெச்பி, லெனோவோ மூன்றும் தங்கள் தளத்தில் தனி ரிகவரி கருவி தருகின்றன. லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணைக் கொடுத்தால், அந்த மாடலுக்கான இமேஜ் இருக்கும்பட்சத்தில் இறக்கிப் பென் டிரைவில் எழுதிக்கொள்ளலாம்.

என்ன வேண்டும்

32 ஜிபி பென் டிரைவ் ஒன்று. விண்டோஸ் 10க்கு 16 ஜிபி போதும் என்பார்கள். விலை வித்தியாசம் அற்பம், 32 ஜிபியே வாங்குங்கள். 64, 128 ஜிபி வாங்குவது வீண்: கருவி அதை ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட் முறையில் 32 ஜிபிக்கு மட்டும் ஃபார்மேட் செய்து மீதியைச் சும்மா விட்டுவிடும்.

பென் டிரைவில் இருப்பது ஒன்றுவிடாமல் அழியும். அதைவிட முக்கியம், தேர்வுப் பட்டியலில் எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கும் தலைகாட்டலாம். கல்யாண போட்டோ வைத்திருக்கும் டிஸ்க்கைத் தவறித் தேர்ந்தெடுத்தால் கதை முடிந்தது. அந்த ஒரு பென் டிரைவைத் தவிர மற்றதையெல்லாம் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். சார்ஜரையும் மாட்டிவிடுங்கள்.

ஒரு நிமிடச் சோதனை

கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ஆர், ஈ, ஏ, ஜி, ஈ, என், டி, சி என்ற 8 எழுத்தையும் இடைவெளி இல்லாமல் அடியுங்கள். பிறகு ஒரு இடம் விட்டு முன்சாய்கோடு, அதை ஒட்டி இன்ஃபோ என்ற சொல். என்டர் தட்டினால் விண்டோஸ் ஆர்ஈ ஸ்டேட்டஸ் என்ற வரி வரும். ஆர்ஈ என்பது மேலே சொன்ன மீட்பு மெனுதான், அது இயங்கும் நிலையில் இருக்கிறதா என்பதே இந்தச் சோதனை. அதில் எனேபிள்ட் என்றிருந்தால் நேராக அடுத்த பகுதிக்குப் போகலாம்.

டிஸேபிள்ட் என்றிருந்தால், அதே கட்டளையில் இன்ஃபோவுக்குப் பதில் எனேபிள் என்று அடியுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். ஆர்ஈ இமேஜைக் காணவில்லை என்று பதில் வந்தால், மீட்பு மெனுவைக் கொண்ட வின்ஆர்ஈ என்ற டபிள்யூஐஎம் வகை ஃபைல் தொலைந்திருக்கிறது. டிஸ்க்கில் இடம் பண்ணுவதற்காக யாராவது ரிகவரி பிரிவை அழித்த கம்ப்யூட்டர்களில் இதைப் பார்க்கலாம். அதே பதிப்பு விண்டோஸின் ஐஎஸ்ஓவிலிருந்து (விண்டோஸ் நிறுவும் சிடியின் ஃபைல் வடிவம்) அந்த ஃபைலை எடுத்து, விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32க்குள் இருக்கும் ரிகவரி ஃபோல்டரில் போட்டு, மறுபடி எனேபிள் கொடுக்க வேண்டும்.

எழுதும் வேலை

1. ஸ்டார்ட்டில் ரிகவரி டிரைவ் என்று ஆங்கிலத்தில் அடித்து, வரும் கருவியைத் திறங்கள். அனுமதி கேட்டால் யெஸ்.

2. பேக்அப் சிஸ்டம் ஃபைல்ஸ் என்று தொடங்கும் வரிக்கு முன்னால் டிக் இருக்கிறதா பாருங்கள். இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். டிக் இல்லையென்றால் பென் டிரைவில் மீட்பு மெனு மட்டுமே ஏறும். விண்டோஸை அதிலிருந்து திரும்பப் போட முடியாது.

3. நெக்ஸ்ட் கொடுத்ததும் சிறிது நேரம் தேடிவிட்டுப் பட்டியல் காட்டும். உங்கள் பென் டிரைவின் எழுத்தும் அளவும் சரியா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

4. எல்லாம் அழியும் என்ற எச்சரிக்கைக்குப் பிறகு கிரியேட்.

பச்சைக் கோடு ஒரே இடத்தில் வெகுநேரம் நிற்கும். பயப்பட வேண்டாம். விநாடிக்கு 5 எம்பி எழுதும் மலிவுப் பென் டிரைவில் 10 ஜிபி ஏற அரை மணிக்கு மேல் ஆகும், அதற்கு முன் ஃபைல்களைத் திரட்டும் நேரம் தனி. யூஎஸ்பி 3 போர்ட்டில் செருகினால், பென் டிரைவும் அந்த வகையாக இருந்தால், சீக்கிரம் முடியலாம். இடையில் மூடியை மூடிவிடாதீர்கள்.

கடைசியில் ரிகவரி பிரிவை அழிக்கலாமா என்று சில பதிப்புகள் கேட்கும். வேண்டாம். மிச்சமாகும் இடத்தைவிட, பென் டிரைவைத் தேடாமலே மீட்பு மெனு வருவதன் மதிப்பு அதிகம்.

பாதியில் நின்றால்

ரிகவரி டிரைவை உருவாக்க முடியவில்லை என்று மொட்டையாக ஒரு செய்தி வரும், காரணம் சொல்லாது. மேலே சொன்ன ஆர்ஈ சோதனையைச் செய்யாமல் வந்திருந்தால் முதல் சந்தேகம் அதுதான். அதுவும் சரி என்றால் சிஸ்டம் ஃபைல் சேதமாகியிருக்கலாம். அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் பிராம்ப்ட்டில் எஸ், எஃப், சி என்று அடித்து, இடம் விட்டு, முன்சாய்கோட்டை ஒட்டி ஸ்கேன்நவ் கொடுத்து முடியும்வரை காத்திருங்கள். ஆன்ட்டிவைரஸைத் தற்காலிகமாக நிறுத்திப் பார்ப்பதும் உண்டு.

இன்னொன்று போலிப் பென் டிரைவ். மேலே 64 ஜிபி என்று அச்சடித்து உள்ளே 8 ஜிபி மட்டும் வைத்து விற்பவை சந்தையில் உண்டு. எழுதும்போது புகார் சொல்லாமல் வாங்கிக்கொண்டு, படிக்கும்போது குப்பையைத் தரும். சந்தேகமிருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவியால் முழு அளவும் எழுதிப் படித்துச் சோதியுங்கள்.

சோதிக்காத ரிகவரி டிரைவ் கணக்கில் சேராது

லேப்டாப்பை அணைத்து, பென் டிரைவைச் செருகி, பவர் கொடுத்தவுடன் பூட் மெனு (எந்த டிரைவிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஏசுஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய் அதை முதலில் இயக்கிவிட வேண்டும். கீ பிடிபடவில்லையா? விண்டோஸுக்குள் இருந்து ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, யூஸ் எ டிவைஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கீபோர்டு வகை கேட்ட பிறகு வரும் மெனுவில் டிரபிள்ஷூட்டுக்குள் போங்கள். ரிகவர் ஃப்ரம் எ டிரைவ் என்று ஒரு வரி இருக்க வேண்டும். அது இருந்தால் சிஸ்டம் ஃபைல்கள் ஏறியிருக்கின்றன என்று பொருள். இல்லையென்றால் 2ஆம் படியில் டிக் விட்டுப்போயிருக்கிறது. பார்த்ததோடு நிறுத்திக்கொண்டு, திரும்பி வந்து கம்ப்யூட்டரை அணையுங்கள். அந்த வரியை அழுத்திக் கடைசிவரை போனால் உங்கள் ஃபைல், போட்ட சாஃப்ட்வேர் எல்லாம் துடைக்கப்பட்டு வெறும் விண்டோஸ்தான் மிஞ்சும். போட்டோவும் ஆவணங்களும் இந்தப் பென் டிரைவில் இல்லவே இல்லை, அவற்றுக்குத் தனி நகல் வேண்டும்.

டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதி இயங்கும் லேப்டாப்பில் மீட்பு மெனு உங்கள் டிஸ்க்கைத் திறக்க 48 இலக்கச் சாவி கேட்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பார்த்து, தாளில் எழுதிவையுங்கள், லேப்டாப் பைக்குள் அல்ல.

பென் டிரைவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி மாடல், விண்டோஸ் பதிப்பு, தேதி மூன்றையும் குறியுங்கள். ஒரு லேப்டாப்புக்கு எழுதியதை வேறு மாடலில் போட்டால் டிரைவர் (லேப்டாப்பின் பாகங்களை இயக்கும் சாஃப்ட்வேர்) பொருந்தாமல் தகராறு வரும். ஆண்டுக்கு ஒருமுறையும், 10லிருந்து 11க்கு மாறிய உடனும், அதே பென் டிரைவில் புதிதாக எழுதிக்கொள்ளலாம்.