பைக் ரெகுலேட்டருக்கு ஃபேன் மாட்டும் முறை

இன்ஜின் சுற்றும்போது மேக்னட் காயில் தரும் ஏசி கரண்டை டிசியாக்கி, வோல்ட்டைக் கட்டுக்குள் வைப்பது ரெகுலேட்டர் ரெக்டிஃபையர். பெரும்பாலான பைக்குகளில் இருப்பது ஷன்ட் வகை. மேக்னட் காயில் தரும் கரண்டில் பேட்டரிக்கும் விளக்குக்கும் போக மிஞ்சியதை அது ஷார்ட் செய்து காயிலுக்கே திருப்பிவிடும். கரண்ட் எந்த வழியில் போனாலும் உள்ளே இருக்கும் டயோடு (கரண்டை ஒரே திசையில் விடுவது), தைரிஸ்டர் (எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) ஆகியவற்றைக் கடந்துதான் போக வேண்டும். 20 ஆம்பியர் ஓடி 2 வோல்ட் விழுந்தால் 40 வாட் வெப்பம். ஹெட்லைட்டை எல்இடியாக மாற்றினால் இந்தச் சூடு குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். ஷன்ட் வகையில் குறையாது. விளக்கு எடுக்காத கரண்டும் ஷார்ட் ஆகித்தான் திரும்புகிறது.

சீட்டுக்கு அடியிலோ பக்க கவருக்குள்ளோ ரெகுலேட்டர் இருந்தால் ஃபேன் உதவும், அதுவும் நெரிசலில் மெதுவாக ஓட்டும்போது. முன்பக்கம் காற்று படும் இடத்தில் இருந்தால் மாட்டாதீர்கள். ஓடுகிற காற்றை ஃபேன் மறைக்கத்தான் செய்யும்.

வாங்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். 5000 ஆர்பிஎம்மில் பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. ஃபேன் அதற்கு உயிர் கொடுக்காது. 13-க்குக் கீழே என்றால் காயில் கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளக்) கழற்றி, மூன்று வயரில் இரண்டிரண்டாக ஏசி வோல்ட் பாருங்கள். மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டுப் பார்த்தால் எந்த வயருக்கும் எர்த்துக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. கப்ளரையும் உற்றுப் பாருங்கள்: பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் அங்கே பிடிப்பு தளர்ந்திருக்கிறது. ரெகுலேட்டர் கோளாறு என்று வரும் பல வண்டிகளில் உண்மையான குற்றவாளி இந்தக் கப்ளர்தான். அதை வெட்டிப் புதிது போடுங்கள்.

ஃபேன் 12 வோல்ட், பிரஷ்லெஸ், பால் பேரிங், 60×60×15 மிமீ. இடம் இல்லாவிட்டால் 40 மிமீ. தூசி, தண்ணீர் தாங்கும் தரக் குறியீடு ஐபி55 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சாதாரண ஃபேன் மழையிலும் அதிர்விலும் நிற்காது. 0.1 முதல் 0.2 ஆம்பியர்தான் எடுக்கும் என்பதால் ரிலே தேவையில்லை. 1 ஆம்பியர் பியூஸ், ஹோல்டர், 0.5 சதுர மிமீ வயர், ஒரு 1என்4007 டயோடு, 2 மிமீ அலுமினியப் பட்டை, எம்4 நைலாக் நட்டுகள், ரப்பர் வாஷர், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஆகியவை போதும்.

டயோடு எதற்கு? பல 12 வோல்ட் ஃபேன்களின் உச்ச வரம்பு 13.8 வோல்ட், பைக்கிலோ 14.5 வரை வரும். பாசிட்டிவ் வயரில் டயோடைத் தொடராகப் போட்டால் சுமார் 0.7 வோல்ட் குறையும், வயர் மாறிப்போனாலும் ஃபேன் தப்பிக்கும். வெள்ளைக் கோடு உள்ள முனை ஃபேன் பக்கம் வர வேண்டும்.

ரெகுலேட்டரில் ஓட்டை போடவே கூடாது. சூட்டை வெளியேற்றும் பட்டைகளான ஃபின்களுக்குப் பின்னால் எபாக்சி பிசினுக்குள் சர்க்யூட் இருக்கிறது. அதன் மவுண்டிங் போல்ட்டிலேயே அலுமினியப் பட்டையைப் பிடித்து எல் வடிவில் வளையுங்கள். பட்டை ரெகுலேட்டருக்கு அடியில் போகாமல் போல்ட் தலைப் பக்கம் இருக்கட்டும். அடிப்பாகம் சேசிஸில் நன்றாக ஒட்டினால்தான் அந்த வழியிலும் சூடு இறங்கும். பெயின்ட்டைச் சுரண்டி, மெல்லிய பூச்சாகத் தெர்மல் பேஸ்ட் தடவினால் இன்னும் நல்லது. ஃபேனுக்கும் ஃபின் நுனிக்கும் 5 முதல் 10 மிமீ இடைவெளி விட்டு, காற்று ஃபின் மேல் அடிக்கும்படி வையுங்கள். பெரும்பாலான ஃபேன்களில் ஸ்டிக்கர் உள்ள பக்கத்தில்தான் காற்று வெளிவரும். சூடான காற்று வெளியேற ஒரு வழி இருக்க வேண்டும். மூடிய கவருக்குள் மாட்டினால் அதே சூட்டையே சுற்றிச் சுற்றி அடிக்கும்.

பாசிட்டிவை இக்னிஷன் ஆனில் மட்டும் சப்ளை வரும் டெயில் லேம்ப் போன்ற வயரிலிருந்து எடுத்து, இணைப்புக்கு அருகிலேயே பியூஸ் போடுங்கள். நேராகப் பேட்டரியில் கொடுத்தால் இரவெல்லாம் ஓடி பேட்டரியை இறக்கிவிடும். சில ரெகுலேட்டர்களில் பேட்டரி வோல்ட்டைப் பார்க்கத் தனியாக ஒரு சென்ஸ் வயர் இருக்கும்; அதைத் தொடாதீர்கள். அந்த வயரில் வோல்ட் குறைந்தால் பேட்டரி காலியாகிறது என்று நினைத்து ரெகுலேட்டர் சார்ஜை ஏற்றிவிடும். டெம்பரேச்சர் ஸ்விட்ச் வேண்டுமானால் 60 டிகிரியில் ஆன் ஆவதைப் போடலாம், ஆனால் பழுதாக ஒரு பொருள் கூடுகிறது. எப்போதும் ஓடட்டும் என்று விடுவதே மேல்.

பலன் தெரிய, மாட்டும் முன்னும் பின்னும் ஒரே சாலையில் ஒரே நேரம் ஓட்டி அளவெடுங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வெறும் அலுமினியத்தில் குறைத்தே காட்டும். ஃபின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் குறிவையுங்கள். காயிலின் சூடு மட்டும் இதனால் குறையாது. அதற்கு மூன்று ஃபேஸ் வண்டி என்றால் ஷிண்டென்ஜென் எஸ்எச்847 போன்ற, மிஞ்சிய கரண்டை ஷார்ட் செய்யாமல் துண்டித்துவிடும் சீரீஸ் வகை ரெகுலேட்டர்தான் வழி.

ஆயில் மாற்றும்போதெல்லாம் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். நின்றுபோன ஃபேன் காற்றை அடைத்து, ஃபேன் இல்லாததைவிட அதிகச் சூட்டைத் தரும். வாட்டர் வாஷில் ஜெட்டை அந்தப் பக்கம் காட்ட விடாதீர்கள்.