நாய்க்குட்டிக்கு நிமோனியா: ஆன்டிபயாடிக்குக்கு முன்னும் பின்னும்

குட்டி இருமியதும் அலமாரியில் மிச்சம் கிடக்கும் ஆன்டிபயாடிக்கைத் தேடாதீர்கள். கிருமி எதுவென்று தெரியாமல் கொடுத்தால் நோய் தீராமல் போகலாம். பிறகு செய்யும் பரிசோதனையிலும் கிருமி சிக்காமல் நழுவலாம்.

படி 1: மூச்சை எண்ணுங்கள்

குட்டி தூங்கும்போது விலாவைக் கவனியுங்கள். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. 30 விநாடி எண்ணி இரட்டிப்பாக்குங்கள். கனவில் கால் உதறும் நேரத்தில் எண்ண வேண்டாம். அப்போது மூச்சு தாறுமாறாகத்தான் ஓடும். நிமிடத்துக்கு 15 முதல் 30 வரை வழக்கமானது. மிகச் சிறிய குட்டிகளுக்குச் சற்றுக் கூடலாம். திரும்பத் திரும்ப 40ஐத் தாண்டினாலோ, வயிற்றை எக்கி மூச்சு வாங்கினாலோ உடனே கிளம்புங்கள். ஈறு நீலம் பாரித்தால் நள்ளிரவானாலும் சரி.

படி 2: முன்கதையைக் குறித்துக்கொள்ளுங்கள்

கூட இருந்த குட்டிகளும் இருமினவா? தடுப்பூசி போட்டாயிற்றா? புட்டிப்பால் குடிக்கையில் புரையேறியதா? ஏற்கெனவே என்ன மருந்து கொடுத்தீர்கள்? (கடைசிக் கேள்விக்குப் பலரும் மழுப்புவார்கள். வேண்டாம்.)

பல குட்டிகள் நெருக்கியடித்து வளர்ந்த இடமென்றால் முதல் சந்தேகம் போர்டெடெல்லா பிராங்கிசெப்டிகா மீது விழும். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் உண்டு. இந்தப் பாக்டீரியா அவற்றில் ஒட்டிக்கொண்டு அசைவை முடக்கிவிடும். காவல் போனதும் மற்ற கிருமிகளும் நுரையீரலில் இறங்கும். டிஸ்டெம்பர் போன்ற வைரஸ்களும் இப்படி வழிவிடுவதுண்டு. புரையேறிய குட்டியென்றால் ஈ. கோலை, கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாவையும் நினைக்க வேண்டும்.

படி 3: மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்

எக்ஸ்ரே நிமோனியாவைக் காட்டும். கிருமியின் பெயரைச் சொல்லாது. அதற்கு மூச்சுக்குழாயைக் கழுவி எடுத்த நீர் வேண்டும். தொண்டையில் தடவிய பஞ்சு போதாது, நலமான குட்டியின் தொண்டையிலும் பாக்டீரியா இருக்கும். முடிந்தவரை மருந்துக்கு முன்பே எடுப்பது நல்லது. குட்டி மூச்சுக்குத் திணறினால் மருத்துவர் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்குவார், அதுவே சரி.

படி 4: அறிக்கையைப் படியுங்கள்

ஆய்வகத்தில் பாக்டீரியா படர்ந்த தட்டின்மேல் மருந்து தோய்ந்த சிறு வில்லைகளை வைப்பார்கள். மருந்து பலித்தால் வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழும். பலிக்காவிட்டால் பாக்டீரியா வில்லையின் விளிம்புவரை வளர்ந்திருக்கும். பெரிய வட்டம்தான் சிறந்த மருந்து என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் வேறு. அறிக்கையில் மருந்தின் பெயருக்கு எதிரே 'எஸ்' என்றால் அந்த மருந்து கேட்கும், 'ஆர்' என்றால் கேட்காது.

கிருமி மருந்தை எதிர்ப்பதிலும் இரண்டு வகை உண்டு. மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்குச் செல்சுவரே கிடையாது. சுவரைத் தாக்கும் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் அதை என்ன செய்யும்? இது பிறவிக் குணம். ஈ. கோலை போன்றவை எதிர்ப்பு மரபணுக்களை மற்ற பாக்டீரியாவிடமிருந்து வாங்கிக்கொள்ளும். தேவையில்லாமல் கொடுக்கும் ஒவ்வொரு மாத்திரையும் அவற்றுக்குத்தான் சாதகம். மைக்கோபிளாஸ்மா வழக்கமான தட்டில் வளராது என்பதால், 'வளர்ச்சி இல்லை' என்ற அறிக்கையோடு விட்டுவிடாமல் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.

படி 5: எடையைப் பாருங்கள்

குட்டி வளர வளர மருந்தளவு பற்றாமல் போகும். வாரந்தோறும் எடை பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். இருமல் நின்றதும் மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். 10 முதல் 14 நாட்களுக்குள் மறுபரிசோதனைக்குப் போனால், நிறுத்துவதா தொடர்வதா என்று அவர் முடிவு செய்வார். சளி வெளியேற இருமல் தேவை, ஆகவே இருமலை அடக்கும் மருந்து கூடாது. மனிதர்களுக்கான பாராசிட்டமாலும் இபுபுரூஃபெனும் நாய்க்கு நஞ்சாகலாம். காய்ச்சலுக்கென்று அவற்றைக் கொடுத்துவிடாதீர்கள்.