டிஸ்க் இமேஜ் எடுக்கலாம் வாங்க: ரெஸ்கியூசில்லா செய்முறை

ஃபைல்களை மட்டும் காப்பி எடுத்து வைத்திருந்தால், டிஸ்க் போகிற அன்று ஃபைல்கள் தப்பும், கம்ப்யூட்டர் தப்பாது. விண்டோஸ், பிரிண்டர் டிரைவர், அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர், அதன் செட்டிங்ஸ் என்று ஒவ்வொன்றாகத் திரும்பப் போடவேண்டும். டிஸ்க் இமேஜ் என்பது பூட் பகுதி, பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகள்) அமைப்பு உட்பட மொத்த டிஸ்க்கையும் அப்படியே எடுத்து வைப்பது. புது டிஸ்க்கில் இறக்கினால் அதே டெஸ்க்டாப் அதே ஐகான்களோடு வந்து நிற்கும்.

இதற்கு இப்போது இலவசமாகக் கிடைப்பவற்றில், பென் டிரைவிலிருந்தே பூட் ஆகும் ரெஸ்கியூசில்லா எளியது. மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜனவரியோடு நின்றுவிட்டது. விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் சிஸ்டம் இமேஜ் வசதியை மைக்ரோசாஃப்ட் 2017லேயே கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டது. இன்னும் மெனுவில் இருக்கிறது என்பதற்காக நம்பவேண்டாம். தைவானில் உருவான குளோன்சில்லா உறுதியானது, ஆனால் எல்லாமே எழுத்துத் திரை. ரெஸ்கியூசில்லா அதே இமேஜ் வடிவத்தையே மவுஸால் எடுக்கவைக்கிறது. இரண்டுமே டிஸ்க்கில் டேட்டா உள்ள இடங்களை மட்டும் படிக்கும்: 500 ஜிபி டிஸ்க்கில் 150 ஜிபி நிரம்பியிருந்தால் படிப்பது அந்த 150ஐ மட்டும்தான்.

தேவையானவை: 4 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவ் ஒன்று, எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று. எக்ஸ்டர்னலில், இமேஜ் எடுக்கும் டிஸ்க்கில் (சி, டி எல்லாம் சேர்த்து) நிரம்பியிருக்கும் அளவுக்குக் காலி இடம் இருக்கட்டும். கம்ப்ரஸ் ஆகி இமேஜ் சிறிதாகத்தான் வரும், ஆனால் போட்டோவும் வீடியோவும் அதிகம் இருந்தால் பெரிதாகச் சுருங்காது. எக்ஸ்டர்னல் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மட் ஆகியிருக்கவேண்டும். யுஎஸ்பி 3 போர்ட்டில் சொருகுங்கள். யுஎஸ்பி 2இல் நொடிக்கு 35 எம்பி வந்தாலே அதிகம். 120 ஜிபி இமேஜுக்கு ஒரு மணி நேரம் ஆகும். அதே வேலை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 20 நிமிடம். டெஸ்க்டாப்பாக இருந்தால் பின்பக்க போர்ட்டே நல்லது. முன்பக்க போர்ட்டில் பவர் போதாமல் டிஸ்க் நடுவில் கழன்றுகொள்வது வழக்கமான தொல்லை.

விண்டோஸில் இருக்கும்போதே செய்யவேண்டிய வேலைகள்தான் முக்கியம். பாதிப் பேர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள்.

முதலில் டிஸ்க்கின் உடல்நலம். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பாருங்கள். ஹார்டு டிஸ்க் என்றால் 05, சி5 என்ற இரண்டு வரிகளின் கடைசி மதிப்பு பூஜ்ஜியமாக இருக்கவேண்டும். 05 என்பது கெட்டுப்போனதால் ஏற்கெனவே மாற்றிவைக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு துண்டுகள்), சி5 என்பது படிக்க முடியாமல் தத்தளிக்கும் செக்டர்கள். சி5 ஏறிக்கொண்டிருந்தால் சாதாரண இமேஜ் எடுக்காதீர்கள்; படிக்க முடியாத இடத்தையே திரும்பத் திரும்ப முயன்று டிஸ்க் மொத்தமாகப் படுத்துவிடலாம். அதற்கு டிடிரெஸ்கியூ என்ற தனிக் கருவி இருக்கிறது. அது நல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, கெட்டவற்றைக் கடைசியில் தொடும்.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது விண்டோஸ் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து பூட்டிவைக்கும் வசதி. புது விண்டோஸ் 11 லேப்டாப்களில் கேட்காமலேயே டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருப்பது சகஜம். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில் பாருங்கள். ஆன் ஆகியிருந்தால், வேறு எதையும் தொடுமுன் 48 இலக்க ரிகவரி கீயைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் இருக்கும். என்கிரிப்ட் ஆன பார்ட்டிஷனில் எது டேட்டா, எது காலி என்று ரெஸ்கியூசில்லாவுக்குத் தெரியாது. அதனால் முழுப் பார்ட்டிஷனையும் இழுக்கும், கம்ப்ரஸும் ஆகாது: 512 ஜிபி டிஸ்க்கில் 100 ஜிபி டேட்டாவுக்கு 470 ஜிபி இமேஜ். பிட்லாக்கரைச் சஸ்பெண்ட் மட்டும் செய்வதால் பயனில்லை, டிஸ்க்கில் இருப்பது அப்போதும் என்கிரிப்ட் ஆனதுதான். முழுவதும் ஆஃப் செய்து, டிகிரிப்ட் முடியும்வரை காத்திருக்கவேண்டும். இமேஜ் எடுத்தபின் மறுபடி ஆன் செய்துகொள்ளலாம். அப்படி எடுத்த இமேஜை யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்பதால் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப் பூட்டி வையுங்கள்.

மூன்றாவது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது ஆன் ஆகியிருக்கும்போது ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். பார்ட்டிஷன் முழுதாக மூடப்பட்டிருக்காது. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் அதை எடுத்துவிடுங்கள். அவசரத்துக்கு, ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தாலும் போதும்.

இனி இமேஜ். ரெஸ்கியூசில்லாவின் ஐஎஸ்ஓ ஃபைலை ரூஃபஸ் அல்லது பலேனாஎட்சர் கொண்டு பென் டிரைவில் எழுதுங்கள் (பென் டிரைவில் இருந்தது அழிந்துவிடும்). கம்ப்யூட்டரை ஆன் செய்து டெல், லெனோவாவில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசஸ் லேப்டாப்பில் எஸ்கேப் அழுத்தி பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். செக்யூர் பூட்டை ஆஃப் செய்யவேண்டிய அவசியம் பொதுவாக இல்லை.

திரையில் பேக்கப் பட்டனை அழுத்தினால் டிஸ்க்குகளின் பட்டியல் வரும். சி, டி என்ற எழுத்துகள் இங்கே கிடையாது. எஸ்டிஏ, எஸ்டிபி என்று லினக்ஸ் பெயர்கள்தான், அந்த வரிசையும் ஒவ்வொரு பூட்டுக்கும் மாறலாம். டிஸ்க்கின் அளவையும் மாடல் பெயரையும் பார்த்தே தேர்ந்தெடுங்கள். பார்ட்டிஷன் பட்டியலில் எல்லாமே டிக் ஆகியிருக்கும், அப்படியே விடுங்கள். 100 எம்பிதானே என்று ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை (பூட் ஃபைல்கள் இருக்கும் பகுதி) விட்டுவிட்டால் புது டிஸ்க்கில் விண்டோஸ் பூட் ஆகாது. பிறகு எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் ஃபோல்டரையும் காட்டி, பெயர் கொடுங்கள். வெறும் தேதி போதாது. எந்தக் கம்ப்யூட்டர், டிஸ்க்கின் அளவு இரண்டும் பெயரில் இருக்கட்டும். கம்ப்ரஷனை ஜிசிப்பிலேயே விடலாம். லேப்டாப்பைச் சார்ஜரிலும், டெஸ்க்டாப்பை யுபிஎஸ்ஸிலும் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பட்டியலில் உங்கள் டிஸ்க்கே வரவில்லையா? பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் கம்ப்யூட்டரின் செட்டிங்ஸ் திரை) ஸ்டோரேஜ் முறை ஏஎச்சிஐ ஆக இல்லாமல் ரெய்டு அல்லது இன்டெல் ஆர்எஸ்டி ஆக இருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சட்டென்று மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். முதலில் எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட்டை டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுத்து, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை ஏறியபின் அந்த டிக்கை எடுக்கவேண்டும்.

முடிந்ததும் வெரிஃபை பட்டனை ஓட்டுங்கள். அதோடு இமேஜ் எக்ஸ்ப்ளோரரில் அந்த இமேஜைத் திறந்து, ஏதாவது ஒரு ஃபைலை வெளியே எடுத்துப் பாருங்கள். பெரிய இமேஜ் திறக்க நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும். இமேஜ் என்பது ஒரே ஃபைல் அல்ல, ஒரு ஃபோல்டர். பெரிய பார்ட்டிஷன்கள் துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டிருக்கும். உள்ளே எதையும் பெயர் மாற்றவோ நீக்கவோ கூடாது. ஒரு துண்டு போனால் அந்தப் பார்ட்டிஷனே போச்சு.

ரீஸ்டோர் செய்யும்போது அளவு விஷயம்தான் பலரையும் மாட்டிவிடும். புது டிஸ்க், பழையதன் அளவோ அதற்கு மேலோ இருக்கவேண்டும். உள்ளே எவ்வளவு நிரம்பியிருந்தது என்பது கணக்கில் வராது. 512 ஜிபி எஸ்எஸ்டியின் இமேஜை 500 ஜிபி எஸ்எஸ்டியில் இறக்க முடியாது: முந்தையதில் 512,110,190,592 பைட், பிந்தையதில் 500,107,862,016 பைட். விண்டோஸில் இவை 476.9, 465.8 என்று தெரியும். கடைக்காரர் ரெண்டும் ஒண்ணுதான் சார் என்பார், கேட்காதீர்கள்.

பெரிய டிஸ்க்கில் இறக்கினால் மிச்ச இடம் ஒதுக்கப்படாமல் கடைசியில் கிடக்கும். டிஸ்க் மேனேஜ்மெண்ட்டில் சி டிரைவை நீட்டப் பார்த்தால் எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கலாகக் கிடக்கும். காரணம், சி-க்கும் காலி இடத்துக்கும் நடுவே ரிகவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கும். ரெஸ்கியூசில்லாவிலேயே ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் மாற்றும் கருவி இருக்கிறது. அதில் ரிகவரி பார்ட்டிஷனைக் கடைசிக்கு நகர்த்திவிட்டு சி-யை நீட்டுங்கள்.

ரீஸ்டோர் தொடங்குமுன் இமேஜ் உள்ள டிஸ்க், புது டிஸ்க், பென் டிரைவ் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் அதில் இருந்தது அத்தனையும் போய்விடும். முதல்முறை பூட் செய்யும்போதும் பழைய டிஸ்க் கழற்றியே இருக்கட்டும். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் என்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும், அல்லது சத்தமில்லாமல் பழையதிலிருந்தே ஏறும்.

ரெஸ்கியூசில்லாவில் மாறியதை மட்டும் சேர்க்கும் இன்க்ரிமெண்டல் வசதி கிடையாது, ஒவ்வொரு முறையும் முழு இமேஜ்தான். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்கு முன்பும் இமேஜ். அன்றாட ஃபைல்களுக்குத் தனி காப்பி என்று வைத்துக்கொள்ளலாம். தினமும் தானாகவே இமேஜ் ஆகவேண்டும் என்பவர்களுக்கு வீம் ஏஜெண்ட்டின் இலவசப் பதிப்பு பொருந்தும். எதை எடுத்தாலும், புது இமேஜ் வெரிஃபை ஆகும்வரை பழையதை அழிக்காதீர்கள். வேலை முடிந்ததும் எக்ஸ்டர்னலைக் கழற்றி வையுங்கள். சொருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துத்தான் பூட்டும்.