சிங்கப்பூர் கிளம்பும் டெல்டாக்காரர்களுக்கு: இலவச ஜாஸும் இரண்டு கூட்டல் குறியும்

திருச்சியில் விமானம் ஏறும் வரைக்கும் என்ன செய்ய வேண்டும் என்று மன்னார்குடியிலும் கூத்தாநல்லூரிலும் தெருவுக்குப் பத்துப் பேர் சொல்லிவிடுவார்கள். இறங்கிய பிறகு மருத்துவப் பரிசோதனை, கைரேகை, வேலை அனுமதி அட்டை, சிம் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் கம்பெனிக்காரர்களே வரிசையாக முடித்துவிடுவார்கள். பாஸ்போர்ட்டை மட்டும் யாரிடமும் வைத்துக்கொள்ளக் கொடுக்காதீர்கள். சரி, நான் எழுத வந்தது இதையெல்லாம் அல்ல. வேலை முடிந்து வந்து, அறையில் போனைப் பார்த்தபடியே படுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். அந்த ஊரில் காசில்லாமல் அனுபவிக்க எவ்வளவோ இருக்கிறது. ஆனால் எது நிஜமாகவே இலவசம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் பாட்டுக்குக் காசு கொடுத்துப் பழக்கமில்லை. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனைக்குக் காவிரிக் கரைப் பந்தலில் போய் உட்கார்ந்தால் டிக்கெட் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் விடிய விடிய நடக்கும். துண்டை விரித்து உட்கார்ந்தால் போதும். அதே நம்பிக்கையோடு போய்த்தான் நீடாமங்கலத்து நண்பர் ஒருவர் மாட்டிக்கொண்டார்.

சிங்கப்பூரில் ஆற்றோரமாக ஒரு மதுக்கூடம். 'இன்று இரவு ஜாஸ், நுழைவு இலவசம்' என்று வாசலில் பலகை. ஜாஸ் என்பது அமெரிக்காவில் பிறந்த ஒரு இசை. நண்பர் குடிப்பவர் இல்லை, கூடப்போன இரண்டு அறைத்தோழர்களும் இல்லை. உட்கார்ந்ததும், ஆளுக்கு ஒரு பானமாவது வாங்கியே ஆக வேண்டும் என்றார்கள். மூன்று எலுமிச்சைச் சாறு, ஒன்று 16 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். கேட்காமலே ஒரு தட்டு வேர்க்கடலை வந்தது. வந்ததைக் கொறித்தார்கள், அதற்கு 6 வெள்ளி. 54 வெள்ளி என்று மனசுக்குள் கூட்டி வைத்திருந்தவர் கையில் வந்த பில் 64 வெள்ளி 75 காசு. நம் பணத்தில் நாலாயிரத்தைத் தாண்டும். முதல் சம்பளம்கூட வராத நேரம் அது. அன்றோடு அவர் இசை கேட்கப் போவதையே விட்டுவிட்டார். எனக்குப் பணம் போனதைவிட இதில்தான் கோபம். நாதஸ்வரத்தில் மல்லாரி கேட்பதற்காகவே சாமி புறப்பாட்டுக்கு ஓடுகிற மனுஷன் அவர்.

நடந்தது இதுதான். விலைப்பட்டியலில் 16-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ++ என்று இருந்திருக்கிறது. முதல் கூட்டல் குறி 10 சதவீதச் சேவைக் கட்டணம். அது கடைக்குப் போவது, அரசாங்க வரி அல்ல. இரண்டாவது பொருள் சேவை வரி. 2024 ஜனவரியிலிருந்து 9 சதவீதம். சேவைக் கட்டணத்தையும் சேர்த்து வரும் தொகை மீதுதான் அந்த வரி விழுகிறது. அதனால் 54 முதலில் 59.40 ஆகி, அங்கிருந்து 64.75 ஆகிவிட்டது. ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற கடைகளில் ஒட்டியிருக்கும் விலையிலேயே வரி அடங்கியிருக்க வேண்டும் என்பது அங்கே விதி. சேவைக் கட்டணம் வாங்கும் ஓட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு. ஆகவே உட்காரும் முன்பே கேளுங்கள்: ஏதாவது வாங்கியாக வேண்டுமா, எல்லாம் சேர்ந்து எவ்வளவு ஆகும்? கேட்காமல் வரும் கடலையையும் ஈரத்துண்டையும் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சில இடங்களில் அவற்றுக்கும் விலை. கூச்சப்பட வேண்டாம், அங்கே இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

நிஜமான இலவசத்துக்கு எஸ்பிளனேட் போங்கள். 2002-இல் திறந்த கலையரங்கம். முள்முள்ளான கூரையைப் பார்த்து ஊர்க்காரர்கள் டுரியான் பழம் என்பார்கள். உள்ளே இருக்கும் பெரிய அரங்குகளுக்கு டிக்கெட் உண்டு. ஆனால் கான்கோர்ஸ் என்ற கூடத்திலும், மரினா பே தண்ணீரை ஒட்டிய வெளியரங்கிலும் வருஷம் முழுக்க இலவச நிகழ்ச்சிகள் நடக்கும். ஜாஸ் அடிக்கடி வரும், மலாய்ப் பாட்டும் சீன வாத்தியங்களும் வரும். நவம்பர் வாக்கில் கலா உத்சவம் என்ற இந்தியக் கலை விழாவும் உண்டு. தேதிகள் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கும். எஸ்பிளனேட் எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. நகர மண்டப நிலையத்திலிருந்து தரைக்கு அடியில் உள்ள கடைத்தெரு வழியாகவும் நடக்கலாம். எதுவும் வாங்க வேண்டியதில்லை, பாதியில் எழுந்து போகலாம்.

ஜாஸ் நமக்குப் புரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது பிறந்த நியூ ஆர்லியன்ஸும் டெல்டா ஊர்தான், மிசிசிப்பியின் டெல்டா. முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பார்கள். அப்புறம் சாக்ஸபோன், பியானோ என்று ஒவ்வொருவராக அதை வைத்து மனோதர்மத்தில், அதாவது அந்தந்த நேரத்துக் கற்பனையில், இறங்குவார்கள். அடியில் 12 கட்டோ 32 கட்டோ (பெரும்பாலும் நாலு தாள அடி சேர்ந்தது ஒரு கட்டு) கொண்ட ஒரு சுற்று மாறாமல் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் பல நேரம் டிரம்ஸோடு நாலு நாலு கட்டாகப் பங்குபோட்டு வாசித்துவிட்டு மெட்டுக்குத் திரும்புவார்கள். கர்நாடகக் கச்சேரியில் கல்பனாஸ்வரமும் தனி ஆவர்த்தனமும் கேட்டு வளர்ந்த காதுக்கு இது சீக்கிரமே பிடிபடும். ஒருவர் தன் பங்கை முடித்ததும் கைதட்டுவதுதான் அங்கே மரியாதை, பாட்டு முடியக் காத்திருக்க வேண்டாம். கூடவே தாளம் போடுவதானால் இரண்டாவது, நாலாவது அடியில் தட்டுங்கள். நம் கை முதல் அடிக்கே போகும். கேட்கக் கேட்கச் சரியாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பூமலை, அதாவது சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா, இருக்கிறது. 1859-இல் உண்டாக்கிய தோட்டம், காலை 5 மணியிலிருந்து நள்ளிரவு வரை திறந்திருக்கும். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் கட்டணம். அங்கே ஏரி நடுவே இருக்கும் மேடையிலும் அவ்வப்போது இலவசக் கச்சேரி நடக்கும், புல்லில் உட்கார்ந்து கேட்கலாம். கும்பகோணம் டிகிரி காபிக்கு ஏங்குகிறவர்கள் கோப்பிக் கடையில் 'கோப்பி சி சியூ டாய்' என்று கேளுங்கள்; இனிப்புக் கெட்டிப்பாலின் திகட்டல் இல்லாமல், சர்க்கரையும் குறைவாக வரும். நம் காபி ஆகாது, ஆனாலும் நல்ல காபி. உணவங்காடியில் சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்துப்போய் வைக்க வேண்டும். 2021-இலிருந்து கட்டாயம், திரும்பத் திரும்ப விட்டால் அபராதம். பொது இடத்தில் இரவு 10.30-க்கு மேல் குடிப்பதும் குற்றம். தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் சனி ஞாயிறு பகலிலும் கூடாது.

இசையில் லயித்துக் கடைசி ரயிலை விட்டுவிடாதீர்கள். நள்ளிரவுக்கு முன்பே கடைசி வண்டி போய்விடும் நிலையங்கள் உண்டு. பன்னிரண்டுக்கு மேல் டாக்சி ஏறினால் மீட்டரில் காட்டுவதற்கு மேல் 50 சதவீதம் கூடுதலாகக் கேட்பார்கள், அதுவும் அங்கே சட்டப்படிதான்.