கஷ்டகாலத்தில் குடும்பமாக வேதம் வாசிப்பது: முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு வழி

என் மாமியாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அது ஆரம்பித்த புதிதில் எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபம் நின்றே போனது. நின்றது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பணத்துக்கு ஓட்டம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில் வீடு திரும்ப, பாய் விரித்து உட்காருகிற அந்தக் கால்மணி நேரம் எங்கேயோ காணாமல் போய்விட்டது. திரும்ப ஆரம்பித்தபோது நிறையத் தப்பு செய்தோம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதுவாவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. சின்னப் புத்தகமாக எடுங்கள்

நாங்கள் முதலில் செய்தது, ஒரு வருஷத்தில் முழு வேதாகமம் என்கிற அட்டவணையைப் பிரிட்ஜில் ஒட்டியது. 1,189 அதிகாரம், அதாவது தினமும் மூன்றுக்கு மேல். ஊசி குத்திய கையோடு சோர்ந்து படுத்திருக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து லேவியராகமத்தில் பலி முறைகளை வாசித்துக்கொண்டிருந்தோம், நாலே நாளில் ஆளுக்கு ஒரு சாக்கு வந்துவிட்டது. லேவியராகமத்தைக் குறை சொல்லவில்லை, அதற்கு வேறு காலம் இருக்கிறது.

பாடு நேரத்துக்கு நான் சொல்வது 1 பேதுரு. ஐந்து அதிகாரம், 105 வசனம். ஒரு நாளைக்கு ஏழெட்டு வசனம் என்றால் இரண்டு வாரத்தில் முடியும். பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா என்று இன்றைய துருக்கிப் பக்கத்தில் சிதறிக் கிடந்த, விசுவாசத்துக்காக ஏச்சும் பேச்சும் வாங்கிக்கொண்டிருந்த ஜனங்களுக்கு எழுதிய கடிதம் அது. கஷ்டம் வராது என்று எங்கேயும் சொல்லாது. ‘பற்றியெரிகிற அக்கினியைக்குறித்து ஏதோ புதுமையென்று திகையாமல்’ இருங்கள் என்றுதான் சொல்லும். ஆனால் ஆரம்பத்திலேயே, மூன்றாம் வசனத்தில், ‘ஜீவனுள்ள நம்பிக்கை’ என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசும்.

2. நேரத்தை வேறு ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள்

‘தினமும் இரவு எட்டரை’ என்று வைத்தால் நடக்காது. ‘சாப்பாட்டுத் தட்டு கழுவி வைத்ததும்’ என்று வைத்தால் நடக்கும். எங்கள் வீட்டில் அத்தை ராத்திரி மாத்திரை போடுகிற நேரம். மாத்திரை டப்பா திறக்கிற சத்தம் கேட்டாலே சின்னவன் வேதாகமத்தை எடுத்து வந்துவிடுவான். பத்து நிமிஷத்துக்கு மேல் போகவேண்டாம். இடம் எதுவானாலும் சரி, டயாலிசிஸ் நாட்களில் அத்தையின் கட்டில்தான் எங்கள் இடம்.

3. ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும்

ஆளுக்கொரு போனில் தனித்தனியாகப் பார்த்தால் அது கூட்டு வாசிப்பு இல்லை, நடுவில் வாட்ஸ்அப் வேறு கூப்பிடும். ஒரு புத்தகம், ஒரு குரல், மற்றவர்கள் கேட்கட்டும். பாடு அனுபவிக்கிறவருக்குப் பல நாள் வாசிக்கத் தெம்பு இருக்காது, ஜெபிக்க வார்த்தையும் வராது, ஆனால் காது கேட்கும். வாசிக்கிற முறை மாறி மாறி வரட்டும், திக்கித் திணறும் பிள்ளையும் வாசிக்கட்டும்.

பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் பிள்ளைகளுக்குக் கடினம்தான். அதற்காக அதைத் தூக்கி வைக்காதீர்கள், பெரியவர்களுக்கு மனப்பாடமான வேதம் அதுதான். புரியாத வார்த்தை வந்தால் நிறுத்திக் கேளுங்கள். ‘அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்’ என்ற ஐந்தாம் அதிகார வசனத்தை வாசித்துவிட்டு, “ஆச்சி, விசாரணைன்னா போலீஸா?” என்று கேட்டான் சின்னவன். கண்ணை மூடிப் படுத்திருந்த அத்தை திறக்காமலே சொன்னார்: “ஏலே, போலீஸ் இல்ல. நீ ஸ்கூல் விட்டு வந்ததும் சாப்ட்டியான்னு நான் கேக்கேன்லா, அந்த விசாரிப்பு.” அந்த வசனத்துக்கு நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் விளங்கியது.

4. ஒரே ஒரு கேள்வி

வாசித்து முடித்ததும் ‘எந்த வார்த்தை உங்களைப் பிடித்து நிறுத்தியது?’ என்று மட்டும் கேளுங்கள். ஒன்றுமில்லை என்று சொன்னால் அதுவும் பதில்தான். விளக்கம் சொல்லக் கிளம்பாதீர்கள், முக்கியமாக ‘ஏன் இந்தப் பாடு வந்தது’ என்பதற்கு. யோபுவின் சிநேகிதர் மூன்று பேரும் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள், அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது, வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. எங்களைப் பார்க்க வந்த ஒருவர், எந்தப் பாவத்துக்கு இது என்று யோசித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை.

5. வசனத்தைப் பிய்த்து எடுக்காதீர்கள்

இது எனக்குக் கொஞ்சம் கோபமான விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள். புது வருஷ வாக்குத்தத்த அட்டை, அதாவது அந்த வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சடித்தது, எங்கள் வீட்டிலும் சுவரில் இருக்கிறது, அதில் தப்பில்லை. ஆனால் எரேமியா 29:11ஐ மட்டும் எடுத்து, ‘எதிர்பார்த்திருக்கும் முடிவை’ அடுத்த மாத ரிப்போர்ட்டில் கர்த்தர் கொடுப்பார் என்று நோயாளியிடம் சொல்லி, ரிப்போர்ட் மோசமாக வந்தால் என்ன செய்வீர்கள்? ஒரு வசனம் மேலே போய் வாசியுங்கள், எழுபது வருஷம் என்று இருக்கும். பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது, கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் ஊர் திரும்பாமலே கண்மூடியிருப்பார்கள். இன்னும் மேலே, ஐந்தாம் வசனத்தில், வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டுக் கனியைச் சாப்பிடுங்கள் என்று இருக்கிறது. சிறையிருப்பில் தோட்டம் போடச் சொல்கிற நம்பிக்கை அது. மேலும் கீழும் சேர்த்து வாசித்தால்தான் அது தெரியும்.

6. புலம்பல் நாட்களுக்கு ஒரு சங்கீதம் வைத்துக்கொள்ளுங்கள்

சில நாள் 1 பேதுருவும் போகாது. அன்றைக்கு சங்கீதம் 13, ஆறே வசனம். ‘கர்த்தாவே, எதுவரைக்கும்’ என்று தொடங்கிப் பாட்டில் முடியும். அதுகூட முடியாத நாளுக்கு 88. கடைசி வசனம் வரை அதில் விடிவே கிடையாது. அப்படி ஒரு ஜெபமும் வேதத்தில் இருக்கிறது என்று தெரிந்ததே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

7. ஒரு வரி எழுதுங்கள், அப்புறம் ஜெபம்

பழைய டைரி போதும். தேதி, வாசித்த பகுதி, யாராவது சொன்ன ஒரு வார்த்தை. ஜெபம் இரண்டு நிமிஷம், அன்றைக்கு நடந்ததைச் சொல்லி. பெரிய ஜெபமாக இருக்கவேண்டும் என்று இல்லை. எங்கள் டைரியில் ஒரு நாள் ‘கரண்ட் இல்லை, ஆச்சி மனப்பாடமாகவே சொன்னாள்’ என்று மட்டும் இருக்கிறது, கீழே, கர்த்தருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவைகள் என்கிற புலம்பல் 3:22, 23.

நாள் விட்டுப்போனால் சேர்த்துவைத்து வாசிக்காதீர்கள், விட்ட இடத்திலிருந்து அன்றைய ஏழு வசனம், அவ்வளவுதான். நாங்கள் ஒரு தடவை ஒன்பது நாள் விட்டோம். தனியாக இருக்கிறவர்கள் அக்காவையோ சபையில் ஒரு சிநேகிதியையோ போனில் கூப்பிட்டு வாசிக்கலாம், ஸ்பீக்கரில் போட்டுவிட்டால் கை ஓய்வாக இருக்கும்.

1 பேதுரு முடிந்ததும் பிலிப்பியர் போங்கள், அதுவும் நாலே அதிகாரம், பவுல் காவலில் இருந்து எழுதியது. நாங்கள் இப்போது ஆபகூக் மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறோம். ‘அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்’ வரப்போகிறது, அதைத் தான் வாசிப்பதாக அத்தை முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார், கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.