கோயில் மலர், ஸ்கூல் பத்திரிகைக்கு தலைப்பு போடுறது எப்படி

தைப்பூசக் காவடி முடிஞ்ச கையோட நம்ம மொரிசியஸ்ல கோயில் மலருக்கும் தமிழ் க்ளாஸ் பசங்க போடுற பத்திரிகைக்கும் மேட்டர் வந்து குவியும், முக்காவாசிக்கு தலைப்பு ஒண்ணே தான், "காவடித் திருவிழா". இது ஃபைல் மேல ஒட்டுற லேபிளுங்க. செய்தின்னா யாரு என்ன பண்ணாங்கன்னு தலைப்புலயே தெரியணும், "கொட்டும் மழையிலும் கோர் தெ கார்ட் படியேறிய காவடிகள்"னு போட்டா இடம் (கோர் தெ கார்ட் மலை), மழை, ஆட்கள் மூணும் வந்துடும், படிக்கிறவங்க உள்ள வருவாங்க.

கதைக்கு அப்படியே தலைகீழ், முடிவை சொல்லிடக் கூடாது. கரும்புத் தோட்டத்துல வேலை பார்த்து பிள்ளைகளை ஆளாக்கின பாட்டி கதைக்கு "தியாகத் தாய்"னு வச்சா அப்புறம் எதுக்கு படிக்கணும்? பாட்டி வெயிலுக்குப் போட்டிருந்த வைக்கோல் தொப்பி கதையில ரெண்டு இடத்துல வருதுன்னா "வைக்கோல் தொப்பி"ன்னே வைங்க, போதும்.

இப்ப எழுத்து விஷயம். தமிழ்ல கேப்பிடல் லெட்டர் கிடையாது, அதனால வரிக்கு நடுவுல பேரு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு மேற்கோள் குறி தான் காட்டணும். நம்ம ஆளுங்க ஃப்ரெஞ்ச் கீபோர்டு பழக்கத்துல « » போடுவாங்க, கூடவே ' ' வேற, ஏதாவது ஒண்ணை வச்சு கடைசி வரைக்கும் போங்க. இதை விட பெரிய தலைவலி வேற்றுமை உருபு. 'மரம்'னு ஒரு கதை, அதை "மரத்தில்"னு எழுதினா தலைப்பே மாறிப் போச்சு, 'மரம்'இல்னு எழுதினா பார்க்கவே சகிக்கல. பேரை தொடாம 'மரம்' கதையில், 'லெக்ஸ்பிரஸ்' நாளிதழில்னு பக்கத்துல ஒரு சொல் சேர்த்துட்டா பிரச்சனையே இல்ல.

இட்டாலிக் வேண்டாம், முக்காவாசி தமிழ் ஃபாண்ட்ல சாய்வெழுத்தே கிடையாது, சாஃப்ட்வேர் சும்மா நேர் எழுத்தைப் பிடிச்சு சாய்ச்சு விடும், அசிங்கமா இருக்கும். ரெண்டு வரித் தலைப்புன்னா வரி இடைவெளியை கொஞ்சம் தாராளமா விடுங்க, இல்லன்னா மேல் வரி "மூ"வோட வாலும் கீழ் வரி "தீ"யோட சுழியும் இடிச்சுக்கும். வரியை அர்த்தம் பார்த்து உடைங்க, "கோர் தெ" மேலயும் "கார்ட்" கீழயும் நின்னா மலையையே ரெண்டா வெட்டின மாதிரி. கடைசில புள்ளி வேண்டாம், மூணு ஆச்சரியக்குறி சத்தியமா வேண்டாம்.

ஃப்ரெஞ்ச்லயும் தமிழ்லயும் தலைப்பு போடுறீங்கன்னா எது மேல எது கீழன்னு கமிட்டில முதல்லயே பேசிடுங்க, 1998ல ரூபாய் நோட்டுல தமிழ் இந்திக்கு கீழ வந்ததுக்கே பெரிய எதிர்ப்பு கிளம்பி நோட்டை வாபஸ் வாங்கின ஊருங்க இது. ஒரே சைஸ் வச்சா தமிழ் வரி நீளமா தான் ஓடும், அதுக்காக தமிழை சின்னதாக்காதீங்க, ரெண்டு வரியா மடிச்சுக்குங்க.