சிரங்கு: பிள்ளைக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பாதீர்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மருந்தகத்துக்குப் புதிதாக வந்த தம்பி, சொறிந்துகொண்டே வந்த ஒரு பையனுக்கு நேற்று சிரங்குப் பூச்சியைக் கொல்லும் பெர்மெத்ரின் களிம்பு ஒரு டியூப் கொடுத்து அனுப்பிவிட்டான். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் நானும் கேட்கவில்லை. இப்படி நாம் செய்கிற தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஒருவருக்கு மட்டும் மருந்து

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) ஆறு வயதுப் பிள்ளை. விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி எல்லாம் பொரிப்பொரியாய் இருந்தது. ராத்திரியானால் தூங்கவிடாத கடி (அரிப்பு). சிரங்குதான். மருந்து கொடுத்தேன், ஆறியது. அடுத்த மாதமே திரும்பி வந்தாள். மறுபடி கொடுத்தேன். மூன்றாம் தடவை சீழ் பிடித்து, முகம் வீங்கி, சிறுநீர் கறுத்து வந்தாள். சொறிந்த புண்ணில் கிருமி சேர்ந்தால் அதன் பாதிப்பு சிறுநீரகம் வரை போகலாம். ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று.

அப்புறம்தான் கேட்டேன், "ராத்திரி யாரோட படுக்கிற?" "அப்பாயியோட, ஒரே கம்பளியில."

அப்பாயியின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தால், மயிரிழை போல வளைந்த சின்னக் கோடுகள். பூச்சி தோலுக்குள் குடைந்துபோன வழி அது. "வயசானா சொறியும்தானே ஐயா" என்று சும்மா இருந்திருக்கிறார்.

முதல் தடவை தொற்றினால் 4 முதல் 6 கிழமை (வாரம்) வரை கடியே இருக்காது. ஆனால் அடுத்தவருக்கு ஒட்டும். அதனால் "எனக்கு ஒண்ணுமில்ல" என்கிறவருக்கும் சேர்த்து, காம்பராவில் (லயத்து அறையில்) இருக்கிற எல்லாருக்கும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும்.

கடிக்கிற இடத்தில் மட்டும் பூசுவது

கழுத்திலிருந்து பாதம் வரை, நகத்தடி, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் பூசி 8 முதல் 14 மணி நேரம் விட வேண்டும். கை கழுவினால் கையில் மறுபடி பூசுங்கள். ஒரு கிழமை கழித்து இன்னொரு தடவை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரைக் கேட்டுத்தான்.

ஸ்டீராய்டு களிம்பு

வேண்டாம். கடி அடங்கும், பூச்சி பெருகும்.

துணி காயவில்லை என்று விடுவது

மழைக்காலத்தில் கம்பளியைத் துவைத்துக் காயவைக்க முடியாது, சரி. பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு கிழமை வையுங்கள். உடம்பை விட்டு இறங்கிய பூச்சி இரண்டு மூன்று நாளில் சாகும். நம் குளிரில் கொஞ்சம் கூடத் தாங்கும்.

கடி நிற்கவில்லை என்று தினமும் பூசுவது

மருந்து பூசிய பிறகும் இரண்டு, மூன்று கிழமை கடி இருக்கும். பொறுங்கள்.

நேற்று வந்த பையன் வீட்டில் ஏழு பேராம். கொழுந்து நிறுத்து முடிந்ததும் தம்பி அந்த லயத்துக்குப் போகிறான். கொழும்பில் கடையில் நிற்கும் அப்பா சனிக்கிழமை வருகிறார். அவர் டியூபையும் சேர்த்தே கொடுத்திருக்கிறேன்.